இம்போர்ட்டட் கிராஃப்ட் பீர் டாஸ்மாக்கில் ஏன் கிடைப்பதில்லை? மல்லாங்கிணறு வரை வராத பாட்டிலின் பின்னணி!

பெல்ஜியத்தின் கோதுமை பீர், அமெரிக்காவின் ஐபிஏ, அயர்லாந்தின் ஸ்டவுட்... யூடியூப்பைத் திறந்தால் ரிவ்யூ வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு மாதிரியான ஒரு பேரூராட்சியில் இருப்பவர் அதைக் காசு கொடுத்து வாங்க நினைத்தால்? கையில் பணம் இருந்தாலும் முடியாது.

டாஸ்மாக் ஊழியரிடம் கேட்டால், "வந்தாத்தானே அண்ணாச்சி குடுக்க முடியும்" என்பதுதான் பதிலாக இருக்கும். அதில் தப்பே இல்லை. எது வர வேண்டும் என்று முடிவு செய்வது அவர் கிடையாது. அப்படியானால் யார் முடிவு செய்கிறார்கள்? ஒரு பாட்டில் கடை அலமாரிக்கு வர எத்தனை படி ஏற வேண்டும்? பார்க்கலாம்.

கிராஃப்ட் பீர் என்றால் என்ன?

பெரிய ஆலைகளில் லட்சக்கணக்கான பெட்டிகளாகத் தயாராவது வழக்கமான பீர். சிறிய, சுயேச்சையான ஆலைகளில் குறைந்த அளவில், சுவைக்கு முக்கியத்துவம் கொடுத்துத் தயாராவது கிராஃப்ட் பீர். மால்ட், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் ஆகியவற்றின் வகையை மாற்றி மாற்றி ஒவ்வொரு ஆலையும் ஒரு சுவையைப் பிடிக்கும்.

இந்தியாவில் அதிகம் விற்பது 'ஸ்ட்ராங்' பீர்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் அது ஸ்ட்ராங். 'சுவை எப்படி?' என்பதை விட 'கிக் எவ்வளவு?' என்று கேட்கும் சந்தை இது. கிராஃப்ட் பீருக்கு முதல் அடி இங்கேயே விழுகிறது.

இன்னொரு விஷயம். வெளிநாட்டுப் பெயர் இருந்தாலே இறக்குமதிச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பட்வைசர், ஹெய்னெகென் எல்லாம் பல ஆண்டுகளாக இந்தியாவிலேயே தயாராகின்றன. அவை கிராஃப்ட் பீரும் இல்லை.

ஒரே ஒரு வாசல்

டாஸ்மாக் எனப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கப்பட்டது. அப்போது அதன் கையில் இருந்தது மொத்த விற்பனை மட்டும். 2003 நவம்பர் 29 முதல், ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இதற்காக 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது.

அதாவது, வாங்குவதும் டாஸ்மாக், விற்பதும் டாஸ்மாக். கிளப்புகளுக்கும் நட்சத்திர ஓட்டல் பார்களுக்கும் கூட சரக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பீர் கம்பெனிக்கு தமிழ்நாட்டில் இருக்கும் வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போய்த் தட்டுவதற்கு அடுத்த கதவு கிடையாது.

பெங்களூருவில் அப்படி இல்லை. தனியார் கடைக்காரர் ஒருவர் நான்கு பெட்டி வாங்கி வைத்துப் பார்க்கலாம். விற்றால் மறுபடி வாங்குவார், விற்காவிட்டால் விட்டுவிடுவார். இந்த 'நாலு பெட்டி' சோதனைக்கு இங்கே இடமில்லை.

லேபிள் படுத்தும் பாடு

லேபிள் என்றால் என்ன என்று சிவகாசி பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஊரே அச்சகம். ஆனால் மது பாட்டில் லேபிளை அச்சடித்து ஒட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாநிலத்திலும் அதைத் தனித்தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். மது என்பது அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம் என்பதால் ஜிஎஸ்டி-யும் கிடையாது, நாடு முழுக்க ஒரே விதியும் கிடையாது.

இது எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு பீரா 91 ஒரு நல்ல உதாரணம். 2015-ல் பெல்ஜியத்தில் தயாரித்து இறக்குமதி செய்யப்பட்ட பீராக அறிமுகமாகி, பிறகு இந்தியாவிலேயே தயாரிப்புக்கு வந்த பிராண்டு இது. பங்குச்சந்தைக்குப் போகும் திட்டத்தில் அந்த நிறுவனம் தன் பெயரில் இருந்த 'பிரைவேட்' என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்தது. அவ்வளவுதான். பழைய பெயர் அச்சான லேபிள்கள் செல்லாமல் போயின. மாநிலம் மாநிலமாக மறுபடி பதிவு செய்ய வேண்டி வந்தது. மாதக்கணக்கில் விற்பனை முடங்கியது. சுமார் 80 கோடி ரூபாய் சரக்கை நஷ்டக் கணக்கில் எழுத நேர்ந்தது. 2023-24 நிதியாண்டில் 748 கோடி ரூபாய் நஷ்டம்.

நாடு முழுக்கத் தெரிந்த ஒரு பிராண்டுக்கே இந்த நிலைமை. வருடத்துக்குச் சில நூறு பெட்டிகளை மட்டுமே அனுப்பக்கூடிய ஒரு வெளிநாட்டுக் குட்டி ஆலை, தன்னிடம் உள்ள ஐந்து வகை பீருக்கும் ஐந்து லேபிள் பதிவு செய்து காத்திருக்குமா?

110 சதவீத வரி

பதிவு முடிந்தாலும் அடுத்தது விலை. வெளிநாட்டு பீர் இந்தியாவுக்குள் வர அடிப்படை சுங்க வரி 100 சதவீதம். அதன் மேல் கூடுதல் தீர்வை சேர்ந்து 110 சதவீதம். உதாரணத்துக்கு, துறைமுகத்தில் 100 ரூபாய் மதிப்பில் இறங்கும் ஒரு கேன், சுங்கத்தைத் தாண்டும்போதே 210 ரூபாய் ஆகிவிடும். அதற்கு மேல் மாநில அரசின் கட்டணங்கள், மதிப்புக்கூட்டு வரி, இறக்குமதியாளர் லாபம், போக்குவரத்து எல்லாம் சேரும்.

அண்டை மாவட்டமான தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறதே, அங்கே இறங்கினால் பக்கம்தானே என்று தோன்றலாம். தூரம் பிரச்னையே இல்லை. துறைமுகத்தில் இறங்கும் பெட்டி நேராகக் கடைக்கு வர முடியாது. சுங்கம், ஆயத்தீர்வை அனுமதி, டாஸ்மாக் கிடங்கு என்று சுற்றித்தான் வர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2026 ஜனவரியில் முடிவான வர்த்தக ஒப்பந்தத்தில் ஐரோப்பிய பீருக்கான 110 சதவீத வரியை 50 சதவீதமாகக் குறைக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. இதனால் விலை குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் எந்தப் பாட்டில் கடைக்கு வரும் என்பதை டெல்லி முடிவு செய்யாது.

விருதுநகர் வெயில் விடுமா?

விஸ்கி பாட்டிலை வருடக்கணக்கில் வைக்கலாம். பீர் அப்படி இல்லை. வழக்கமான பீருக்கே பொதுவாக ஆறு மாதம்தான் கெடு. பல கிராஃப்ட் பீர் வகைகளைக் கிருமிநீக்கத்துக்காகச் சூடாக்குவது இல்லை என்பதால், ஆலையில் இருந்து கடை வரை குளிர் விடாமல் வர வேண்டும். வெயில் பட்டாலும் வாசனை மாறிவிடும்.

கப்பலில் சில வாரம், அனுமதிக்குச் சில வாரம், கிடங்கில் சில வாரம் போய்விட்டால் மீதி எவ்வளவு நாள்? கோடையில் 'கூலிங் பீர்' இருந்தாலே பெரிய விஷயம் என்கிற கடையில், மாதத்துக்கு இரண்டு பேர் கேட்கும் பீருக்கு யார் ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்குவார்கள்? அந்த இடத்தில் தினமும் காலியாகும் சரக்கை அடுக்கத்தான் எந்தக் கடையும் பார்க்கும். விற்பதால் வருகிறது, வருவதால் விற்கிறது. வராதது விற்கவே முடியாது. ஆக, 'இதுக்கு டிமாண்ட் இல்லை' என்று கணக்கு காட்டுவது சுலபம்.

எலைட் கடைகளில் கிடைக்குமே?

உயர் ரக, இறக்குமதி மது வகைகளுக்காக 2013 முதல் டாஸ்மாக் எலைட் கடைகளைத் திறந்தது. ஏ.சி., நேரில் எடுத்துப் பார்க்கும் வசதி எல்லாம் உண்டு. ஆனால் இவை முக்கியமாகப் பெரிய நகரங்களையும் மால்களையும் குறிவைத்தவை. அங்கேயும் இறக்குமதி என்றால் பெரும்பாலும் விஸ்கி, ஒயின், உலகப் புகழ்பெற்ற பீர் பிராண்டுகள்தான். சின்ன ஆலைகளின் பீர் அபூர்வம்.

புதுச்சேரியில் வாங்கி வரலாமே என்றால், அனுமதியின்றி வெளி மாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது குற்றம். சட்டப்படி இருக்கும் சின்ன வழி விமான நிலையம். வெளிநாட்டில் இருந்து வரும் பயணி 2 லிட்டர் வரை மதுவை சுங்க வரி இல்லாமல் கொண்டு வரலாம். 330 மில்லி கேன் என்றால் ஆறு. சிங்கப்பூரில் இருந்து வரும் மச்சான் மனசு வைத்தால் உண்டு!

அரசு கடை என்றாலே இப்படித்தானா?

இல்லை. ஸ்வீடனிலும் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான சிஸ்டம்போலாகெட் கையில்தான் இருக்கிறது. 3.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீரை அங்கே கடைகளில் வேறு யாரும் விற்க முடியாது. அந்த நாட்டுக்கே சுமார் 450 கடைகள்தான். தமிழ்நாட்டில் 2025-ம் ஆண்டு கொள்கை விளக்கக் குறிப்பின்படி 4,787.

ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு. கடையில் இல்லாத பீரைப் பட்டியலில் பார்த்து ஆர்டர் செய்தால், நம் ஊர்க் கடைக்கே வந்து சேரும். பக்கத்துச் சிறு ஆலைகளின் சரக்குக்கும் அலமாரியில் தனி இடம். விளம்பரம் இல்லை, தள்ளுபடி இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை. குடியைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கையும், கேட்டதைத் தர வேண்டும் என்ற பொறுப்பும் அங்கே ஒன்றாக ஓடுகின்றன.

அப்படியானால் தனியுரிமை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வாங்குபவர் 'எனக்கு இது வேண்டும்' என்று பதிவு செய்ய இங்கே ஒரு வழி இல்லை என்பதும் காரணம்.

இது பணக்காரர்கள் பிரச்னையா?

பீரைப் பொறுத்தவரை, ஆமாம் என்றே சொல்லலாம். பட்டாசு ஆலையில் நாள் முழுக்க உழைப்பவருக்கு பெல்ஜியம் பீர் கவலை இல்லை. ஆனால் அவர் வாங்கும் குவாட்டரும் இதே வாசல் வழியாகத்தான் வருகிறது. எந்தக் கம்பெனி, என்ன தரம், என்ன விலை என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவர் குரலும் இல்லை. இருப்பதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பனை நிறைந்த தென் மாவட்டங்களில் கள் குடிக்கவும் வழியில்லை. 1987 முதல் அதற்கும் தடை.

2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2023 மே மாதம் நிதித்துறைப் பொறுப்பேற்ற தங்கம் தென்னரசு மல்லாங்கிணறைச் சேர்ந்தவர். பட்ஜெட் போட்டவரின் ஊரோ, பட்டிக்காடோ, இந்தத் தொகையைக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றவர்கள்தான்.

'மதுவில் எதற்கு சாய்ஸ்? கடையைக் குறைக்கத்தானே வேண்டும்' என்ற வாதமும் வலுவானதே. மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் தமிழக அரசே 500 கடைகளை மூடியது. ஆனால் கடையைக் குறைப்பது வேறு, திறந்திருக்கும் கடையில் என்ன வாங்கி வைக்கிறோம், எந்தக் கணக்கில் வாங்குகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்வது வேறு. முதலாவதைச் செய்வதால் இரண்டாவதைச் செய்யாமல் விட முடியாது.

மல்லாங்கிணற்றுக்கு கிராஃப்ட் பீர் வராவிட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு இடம் இருக்க வேண்டும். இப்போதைக்கு அந்தக் கேள்வி, கவுன்ட்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஊழியரோடு நின்றுவிடுகிறது.