பால்மானி வாங்குவதற்கு முன்

சித்திரபுரத்திலும் பள்ளிவாசலிலும் மூணாற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் பால் விஷயமாக எழும் மனத்தாங்கல்கள் கொஞ்சமல்ல. ஒரு லயத்தில் பசு வளர்ப்பவரும் அவரிடம் பால் வாங்குபவரும் அடுத்தடுத்த வீட்டார். ஒரே ஊரிலிருந்து வந்தவர்களாகவும் இருப்பார்கள். "பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது" என்ற ஒரு சொல் போதும், இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ள. இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகவே பலர் பால்மானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கின்றனர். நல்ல எண்ணம்தான். ஆயினும் கருவியைச் சரிவரத் தேர்ந்தெடுக்காமலும், அது சொல்வதைச் சரிவரப் படிக்கத் தெரியாமலும் வாங்கினால், அது சண்டையைத் தீர்ப்பதற்குப் பதிலாக வளர்த்துவிடும். ஆதலின் இது குறித்துச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

இம்மலைப் பகுதிக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. 1963-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் மாட்டுப்பெட்டியில் தொடங்கப்பெற்றது. (மாட்டுப்பட்டி என்னும் நல்ல தமிழ்ச் சொல்லே இவ்வாறு திரிந்தது போலும்!) பிரௌன் சுவிஸ் காளைகளைக் கொண்டு நாட்டுப் பசுக்களை இனவிருத்தி செய்ததன் விளைவாகத் தோன்றியதே 'சுநந்தினி' இனம். பின்னர் 1980-இல் 'மில்மா' என்னும் கூட்டுறவு இணையம் கேரளத்தில் அமைந்தது. கூட்டுறவுச் சங்கங்களில் பாலின் கொழுப்பையும், கொழுப்பு நீங்கிய பிற திடப்பொருளையும் கணக்கிட்டே விலை தருகின்றனர். அங்கும் பால்மானிக்கு வேலை உண்டு.

பால்மானி என்பது என்ன? திரவங்களின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டர் வகையைச் சேர்ந்த ஒரு கண்ணாடி மிதவை. அடியில் கனத்திற்காக ஈயக் குண்டுகள். மேலே மெல்லிய குழல். அதனுள் அளவுகோல் எழுதிய காகிதம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்குகிறது. எனவே, பால் கெட்டியாயின் கருவி உயர்ந்து நிற்கும், நீர்த்திருந்தால் அமிழும். தண்ணீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால் பசும்பால் பெரும்பாலும் 1.028 முதல் 1.032 வரை இருக்கும். கடைசி இரண்டு எண்களை மட்டும் எடுத்து 28, 32 என்று சொல்வது வழக்கம்.

கடைகளில் இரு வகைக் கருவிகள் கிடைக்கின்றன. ஒன்று மிக மலிவானது. அதில் எண்கள் இரா. மேலே தண்ணீரைக் குறிக்க 'டபிள்யூ' என்றும், கீழே பாலைக் குறிக்க 'எம்' என்றும் எழுதி, இடையில் 3, 2, 1 என்று கோடிட்டிருப்பார்கள். முக்கால், அரை, கால் என்று தண்ணீரை அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்று விற்பவர் கூறுவார். நம்பவேண்டாம். எல்லாப் பசுவின் பாலும் ஒரே அடர்த்தி உடையதன்று. 32 காட்டும் நல்ல பாலில் எட்டில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் 28 காட்டும். அதுவோ இயற்கையான பாலும் காட்டக்கூடிய எண். அவ்வாறிருக்க, ஒரே கோட்டைக் காட்டி ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது எப்படி?

மற்றொன்று கெவென் என்ற பிரெஞ்சு மருந்தாளரின் பெயரால் வழங்குவது. இதில் 15 முதல் 40 வரை எண்கள் குறிக்கப்பெற்றிருக்கும். விலை சற்றுக் கூடுதலாயினும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். நமது பரிந்துரை இதுவே. வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, எந்த வெப்பநிலைக்கு அது அளவிடப்பட்டது என்பதை. 15.5 டிகிரி செல்சியஸ் (60 டிகிரி பாரன்ஹீட்) என்றோ, 27 என்றோ, 29 என்றோ குழலில் எழுதியிருக்கவேண்டும். அது எழுதப்பெறாத கருவியை, எவ்வளவு மலிவாயினும், திருப்பிக் கொடுத்துவிடுவதே நலம். அடுத்து, உள்ளே இருக்கும் காகிதம் தளர்ந்து நழுவுகிறதா என்று மெல்லத் தட்டிப் பாருங்கள். நழுவும் காகிதம் நாளுக்கொரு நியாயம் சொல்லும்.

கருவி மெய் சொல்கிறதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். 75 கிராம் சர்க்கரையை 925 கிராம் தண்ணீரில் முற்றும் கரைத்து, அக்கரைசலை 15.5 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அந்த வெப்பநிலைக்கு அளவிட்ட கெவென் கருவி அதில் ஏறத்தாழ 30 காட்டவேண்டும். மார்கழி, தை மாத அதிகாலையில் நம் மலையில் இதற்குப் பனிக்கட்டி தேடவேண்டிய அவசியம் நேராது. சமவெளியில் உள்ள உறவினர்க்குத்தான் அந்தச் சிரமம். ஆனால் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். அதற்குச் செலவிடத் தயங்குவோர் பால்மானியும் வாங்காதிருக்கலாம்.

வெப்பமானியின் தேவை சோதனையோடு முடிவதில்லை. பால் சூடாக இருந்தால் அடர்த்தி குறையும். 15.5 டிகிரிக் கருவியில், ஒவ்வொரு செல்சியஸ் டிகிரி மிகுதிக்கும் 0.2 கூட்டவேண்டும், குறைவிற்கு அவ்வாறே கழிக்கவேண்டும். 20 டிகிரியில் 28 காட்டினால், நாலரை டிகிரி மிகுதிக்கு 0.9 கூட்ட, உண்மை அளவு ஏறத்தாழ 29 ஆகும். வெப்பம் மிக விலகியிருந்தால் இக்கணக்கு பொருந்தாது. பாலைக் குளிர்வித்தே அளக்கவேண்டும். கறந்தவுடன் அளப்பதோ பெருந்தவறு. நுரையும் காற்றுக் குமிழும் இருப்பதோடு, கறந்த பாலின் அடர்த்தி சில மணி நேரம் வரை தானாகவே சிறிது உயரும். கறந்த சூட்டோடு கருவியை இட்டு, அடுத்த வீட்டுப் பால்காரரைப் பழிப்பது அநீதி. அளக்குமுன் பாலை மெல்லக் கலக்கி, கருவி பாத்திரத்தின் சுவரில் உராயாமல் மிதக்கவிட்டு, பால் குழலைத் தொட்டு ஏறியிருக்கும் மேல்விளிம்பில் எண்ணைப் படியுங்கள்.

இன்னும் ஒரு செய்தி. கொழுப்பு தண்ணீரினும் இலேசானது. ஆகவே ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். ஆடையையும் எடுத்து, அளவாகத் தண்ணீரும் சேர்த்தால், பால்மானி "சரி" என்றே தலையாட்டும். சர்க்கரையும் உப்பும் சேர்த்தாலும் அப்படியே. சங்கங்களில் கொழுப்பைத் தனியே அளப்பது இதனால்தான். அம்முறைகளுள் பெயர்பெற்றதை வகுத்த கெர்பரும் ஒரு சுவிட்சர்லாந்துக்காரரே.

கிறிஸ்துமஸ் காலத்தில் திராட்சை ரசம் ஊறவைக்கும் சிலர் வைத்திருக்கும் ஹைட்ராமீட்டரைப் பாலுக்கும் பயன்படுத்தலாமே என்று எண்ணலாம். பயன்படாது. அது 0.990 முதல் 1.170 வரை நீளும் அளவுகோல். ஒரு கோட்டிற்கும் அடுத்ததற்கும் இரண்டு எண் இடைவெளி. பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் மூன்று எண்தான் மாறும். அதில் அது ஒன்றரைக் கோடாகத்தான் தெரியும். மேலும், உரிமமின்றி மது தயாரிப்பது கேரள ஆப்காரிச் சட்டப்படி குற்றம் என்பதையும் நண்பர்கள் மறக்கலாகாது.

ஐயம் வலுத்தால் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பால் தருபவரின் இசைவோடு, உங்கள் முன்னிலையிலேயே அப்பசுவை முழுமையாகக் கறக்கச் செய்து, அதில் ஒரு செம்பு பெற்று, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலைப் பால் காலைப் பாலினின்று வேறுபடலாம். ஆதலால் இரு வேளையும் குறிப்பது நன்று. நாள்தோறும் வரும் பாலை அவ்வாறே ஆறவிட்டு அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்று, நான்கு எண்கள் தொடர்ந்து குறைந்து வருமாயின், அக்குறிப்புத் தாளோடு அவரிடம் சென்று பேசலாம். பசுவின் தீவனம் மாறியதா, கன்று ஈன்று எத்தனை மாதம் ஆயிற்று என்பவற்றை முதலில் கேளுங்கள்.