‘ஆல்’ போடுவதா, ‘ஓடு’ போடுவதா? தூரம்–நேர வரைபடத்தைப் படிக்கும் முறை

தமிழாசிரியருக்கு வரைபடத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்குப் பாடம் நான் எடுப்பதில்லைதான். ஆனால் வரைபடத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், பலர் சறுக்குவது கணக்கில் இல்லை, வாக்கியத்தில். அந்தச் சறுக்கலை நானும் செய்திருக்கிறேன். அதனால் ஒரு பையன் திட்டு வாங்கினான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சாய்வு. மலாய்ப் பாடநூலில் ‘கெசெருனான்’ என்று படிக்கிறீர்களே, அதுதான். பூச்சோங்கில் ஒரு காலைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை). வீட்டிலிருந்து பள்ளி 8 கிலோமீட்டர். முதல் 10 நிமிடத்தில் 5 கி.மீ. போயாச்சு. அப்புறம் எல்.டி.பி. நெடுஞ்சாலையில் ஏறுகிறீர்கள். அடுத்த 15 நிமிடத்தில் நகர்ந்தது 1 கி.மீ.தான். கடைசி 5 நிமிடத்தில் மீதி 2 கி.மீ. கிடை அச்சில் நேரத்தையும் நிலை அச்சில் தூரத்தையும் வைத்து வரையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் கூடிய தூரத்தை அதற்கு ஆன நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. இங்கே சாய்வு என்றால் வேகம்: மணிக்கு 30 கி.மீ., 4 கி.மீ., 24 கி.மீ. நெரிசலில் கோடு படுக்கப் பார்க்கிறது. வண்டி அடியோடு நின்றால் கோடு படுத்தே விடும்.

இங்கே இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறோம். கோடு மேலே போகிறதே, வண்டி மேட்டில் ஏறுகிறது என்று சிலர் எழுதுவார்கள். வரைபடம் சாலையின் படம் அல்ல. இன்னொன்று, சராசரி வேகத்துக்கு 30, 4, 24 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது. 19 சொச்சம் வரும், தப்பு. மொத்தம் 8 கி.மீ., மொத்தம் அரை மணி நேரம், ஆக மணிக்கு 16 கி.மீ. பாதி நேரம் நெரிசலில் போனதை அந்தக் கூட்டல் மறந்துவிடுகிறது.

சரி, நடுவில் கோடு ஏன் படுத்தது? நெரிசலா, மழையா, வேன் இன்னொரு பிள்ளைக்காகக் காத்து நின்றதா? கோட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. எவ்வளவு வேகம் என்று சாய்வு சொல்லும், ஏன் என்று சொல்லாது.

இப்போது என் கதை. ஒரு பள்ளியில் வகுப்பாசிரியராக இருந்தபோது, தாமதமாக வருகிறவர்களைப் பற்றி ஒரு வரைபடம் போட்டேன். இது வேறு வகை: ஒரு மாணவருக்கு ஒரு புள்ளி. கிடை அச்சில் வீட்டின் தூரம், நிலை அச்சில் எத்தனை நிமிடம் தாமதம். புள்ளிகள் அழகாக மேலேறின. ‘தூரத்தால் தாமதம், சீக்கிரம் கிளம்பச் சொல்ல வேண்டும்’ என்று கட்டொழுங்குப் பதிவேட்டில் எழுதினேன். ஒரு பையனைப் பெயர் சொல்லியே கண்டித்தேன்.

அந்த வாக்கியத்தை இலக்கண வகுப்பில் வைத்துப் பாருங்க. மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஆல்’ உருபும் உண்டு, ‘ஓடு’ உருபும் உண்டு. ‘ஆல்’ கருவிப் பொருளும் கருத்தாப் பொருளும் தரும்; இன்னதால் இன்னது நடந்தது என்று சொல்லும். ‘ஓடு’ உடனிகழ்ச்சிப் பொருள் தரும். இரண்டும் சேர்ந்து நடந்தன, அவ்வளவுதான். ‘தூரத்தோடு தாமதமும் கூடுகிறது’ என்றால் அது ஒட்டுறவு, மலாயில் ‘கொரெலாசி’. ‘தூரத்தால் தாமதம் கூடுகிறது’ என்றால் காரணம் சொல்லிவிட்டோம். என் புள்ளிகள் கொடுத்தது ‘ஓடு’. நான் எழுதியது ‘ஆல்’.

அப்படியானால் ‘ஆல்’ எப்போது எழுதலாம்? நம் நாட்டு ஓட்டக்களத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. டான் ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். சாய்வு போட்டால் விநாடிக்கு சுமார் 9.56 மீட்டர், மணிக்கு 34 கி.மீ.க்கும் மேல். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த ஒலிம்பிக்கில் உலகச் சாதனைகளும் குறுந்தூர ஓட்டங்களில் வரிசையாக விழுந்தன. ‘உயரத்தால் வேகம்’ என்று எழுதிவிடலாமா?

பொறுங்க. செயற்கை ஓடுதளம் ஒலிம்பிக்கில் முதன்முதலில் போடப்பட்டதும் அங்கேதான். வேகத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாமே? இரண்டையும் எப்படிப் பிரிப்பது? நெடுந்தூர ஓட்டங்களைப் பார்க்க வேண்டும். 10,000 மீட்டரில் 1964 தோக்கியோவில் வென்றவருக்கு ஆனது 28 நிமிடம் 24.4 விநாடி. மெக்சிகோவில் வென்றவருக்கு 29 நிமிடம் 27.4 விநாடி. 5,000 மீட்டரிலும் வென்ற நேரம் கூடித்தான் போனது. புதிய தளம் மட்டும் காரணம் என்றால் நெடுந்தூரக்காரர்களும் வேகமாக ஓடியிருக்க வேண்டும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு; குறுந்தூரக்காரருக்கு எதிர்ப்பு குறைகிறது, நெடுந்தூரக்காரருக்கு உயிர்வளி போதவில்லை. ஒரே காரணம் இரண்டு பக்கமும் பொருந்துகிறது. ஆக உயரத்துக்குப் பங்கு உண்டு என்று எழுதலாம். முழுக் காரணமும் அதுதான் என்று எழுதக் கூடாது. ஓடுதளம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஓடியவரின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

தேர்வில் ‘ஆல்’, ‘அதனால்’, ‘காரணமாக’ என்று எழுதப் போகும்போது வேறு எது காரணமாக இருக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் ‘கூடக் கூட’ என்று எழுதுங்கள். ‘தூரம் கூடக் கூடத் தாமதமும் கூடுகிறது’ என்பதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது.

என் வரைபடத்திலும் ஒரு புள்ளி ஒத்துவரவில்லை. அதே தூரத் தாமானிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வரும் மாணவி ஒருநாளும் தாமதமில்லை. விதிவிலக்கு என்று தள்ளிவிட்டேன். பிறகுதான் விசாரித்தேன். தாமதமானவர்கள் எல்லாரும் ஒரே வேன். அந்த வேன் மூன்று தாமான்களைச் சுற்றிவிட்டு வருகிறது. பையன் ஐந்தே முக்காலுக்கே வாசலில் நிற்கிறான். பெற்றோர் பேசியதும் வேன்காரர் சுற்றை மாற்றினார். வீடுகள் இருந்த இடத்தில்தான் இருந்தன, தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அத்தனை பேரும் மணி அடிக்கும் முன்பே வந்தார்கள்.

அந்தப் பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “அன்னைக்கே வேன்னு சொன்னேன் டீச்சர்” என்றான். சொல்லியிருந்தான்தான். பதிவேட்டில் என் வாக்கியத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.