நனையாமல் விற்க ஒரு கல் மண்டபம்

சந்தை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சரக்கு என்ன பாடுபடும் என்பதை வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கவென்றே, 500 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார் கட்டிய கல் மண்டபம் இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள மாம்ஸ்பரி என்ற சிற்றூரின் 'சந்தைச் சிலுவை' அது. பக்கத்திலேயே மாதாகோவில்.

அக்காலத்தில் பூசைக்குக் கூட்டம் கூடும் இடத்திலேயே வியாபாரமும் நடந்தது. கல்லறைத் தோட்டத்தில்கூடக் கடை பரப்பினார்களாம்! 1285-இல் அரசர் முதலாம் எட்வர்டின் சட்டம் அதைத் தடை செய்தது. சந்தை வெளியே வந்தது. ஆனால் வெகுதூரம் போகவில்லை. அங்கெல்லாம் சந்தைத் திடலின் நடுவே ஒரு கல் சிலுவை நாட்டுவது வழக்கம். அரசு அறிவிப்புகளை வாசித்ததும் அதன் அடியில்தான்.

பேரம் நாலுபேர் பார்க்கத் திடலில்தான் நடக்க வேண்டும். சரக்கு சந்தைக்கு வருமுன் வழியில் மடக்கி வாங்கி, விலையேற்றி விற்பது குற்றம். 1844 வரை இதற்குத் தண்டனை இருந்தது. இந்தக் கட்டுப்பாட்டால், கூடையில் வெண்ணெயும் முட்டையும் கொண்டு வந்த கிராமத்தாரும் திடலுக்கு வந்தே தீர வேண்டும். பெரிய வியாபாரிக்குக் கடை உண்டு, கூரை உண்டு. கூடைக்காரருக்கு?

மாம்ஸ்பரி மண்டபம் சுமார் 1490-இல் எழுந்தது. பெயர்தான் சிலுவையே தவிர, எட்டுப் பட்டைக் கட்டடம்; எட்டுத் திறந்த வளைவுகள், நடுவில் ஒரு பெருந்தூண், மேலே கல் விதானம். 1540-களில் அங்கே வந்த ஜான் லேலண்ட் என்ற அறிஞர், ஏழைச் சந்தைக்காரர்கள் மழையில் நனையாமல் நிற்பதற்காக ஊர் மக்களே இதைக் கட்டியதாக எழுதி வைத்திருக்கிறார். அரசர் கொடுத்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சிசெஸ்டர் நகரில் பிஷப் எட்வர்ட் ஸ்டோரி 1501-இல் கட்டிக் கொடுத்த சிலுவை மண்டபத்தில் ஏழைகள் சுங்கம் கட்டாமலே விற்கலாம் என்ற சலுகையும் இருந்தது. சுங்கம் கட்டிக் களைத்த நமக்கு அதன் அருமை தெரியும்!

மாம்ஸ்பரி மாதாகோவிலும் ஒரு வணிகரால் பிழைத்ததுதான். முதலில் அது துறவி மடத்தின் கோவில். 1539-இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடிவிட, வில்லியம் ஸ்டம்ப் என்ற துணி வியாபாரி அதை விலைக்கு வாங்கி, மடத்துக் கட்டடங்களில் தறி போட்டார். கோவிலின் முன்பகுதியை மட்டும் இடிக்காமல் ஊருக்குக் கொடுத்துவிட்டார். 1541-இல் அது ஊரின் பங்குக் கோவிலாயிற்று. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.