ரீஃபண்ட் லிங்க் உங்க கம்ப்யூட்டர்ல எந்த பிரவுசர்ல திறக்குது?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அரிசி ஆலை, உரக்கடை எதுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். தினமும் வேலை பார்க்கறது குரோம்ல. ஆனா அவுட்லுக்லயோ வாட்ஸ்அப் டெஸ்க்டாப்லயோ வர்ற லிங்கைத் தொட்டா திறக்கறது எட்ஜ். விண்டோஸ்ல டீஃபால்ட் அதுதான், நாம மாத்தற வரைக்கும்.

இதுல பணம் எங்க வருது? "உங்க வரி ரீஃபண்ட் தயார், லாகின் பண்ணுங்க"ன்னு ஒரு போலி லிங்க் வருதுன்னு வைங்க. குரோம்ல சேமிச்ச பாஸ்வேர்டு, வருமான வரித் துறையோட உண்மையான முகவரியில மட்டும்தான் தானா நிரம்பும். பக்கம் அச்சு அசலா இருந்தாலும் முகவரி வேறன்னா கட்டம் காலியா நிக்கும். உங்களுக்கு அதுதான் எச்சரிக்கை மணி. எதுவுமே சேமிக்காத எட்ஜ்லயோ, அசல் தளத்துலயும் கட்டம் காலி, போலியிலயும் காலி. சந்தேகமே வராம கையால டைப் பண்ணிடுவோம்.

விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போய் குரோமைத் தேர்ந்தெடுங்க. மேல 'செட் டீஃபால்ட்' பட்டன் இருக்கும், அவ்வளவுதான். 2021-ல விண்டோஸ் 11 வந்த புதுசுல இந்தப் பட்டனே கிடையாது. எச்டிஎம்எல், எச்டிடிபின்னு ஒவ்வொண்ணா மாத்தணும்.

டீஃபால்ட்டோட விலை தெரியுமா? சஃபாரியில தன் தேடல் டீஃபால்ட்டா இருக்க, 2022-ல மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். நாம மாத்தமாட்டோம்ங்கற நம்பிக்கைதான்!

இதெல்லாம் சொந்த கம்ப்யூட்டருக்கு மட்டும். சம்பா பயிர்க் காப்பீடு பதியப் போன இ-சேவை மையத்துல பாஸ்வேர்டை சேமிக்கவான்னு கேட்டா, வேண்டாம்னு அமுக்கிடுங்க.