ஒரு கம்பியில் பல வீடுகள்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் வீதியில் பயணம் செய்தோர் கினிகத்தேனையின் மழையை நன்கறிவர். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் மலைச்சாரல் இது. இத்தகைய ஊரில் கூரையில் இடப்படும் சிறு துளையும் பெருந்தொல்லையாகும். ஆயினும் நம் தோட்டத்து லயன்களைச் சற்றே அண்ணாந்து பாருங்கள். வீட்டுக்கு ஒரு டிஷ், டிஷ்ஷுக்கு ஒரு கம்பி, கம்பிக்கு ஒரு துளை என்பதே எங்கும் காணும் காட்சி.

1982ஆம் ஆண்டு ரூபவாஹினி தன் சேவையைத் தொடங்கியபோது, பிதுருதலாகலை உச்சியிலிருந்து ஒளிபரப்பு வந்தது. ஆனால் அத்தகைய அலைகளை இடையே நிற்கும் குன்றுகள் மறித்துவிடும். செய்மதியோ நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. நம் தீவு நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், நம் நெடுங்கோட்டை அடுத்து நிற்கும் செய்மதிகள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே அமைகின்றன. பள்ளத்தாக்கில் உள்ள லயனுக்கும் அவற்றின் அலை தடையின்றி வந்து சேரும். மலைநாட்டில் டிஷ் பெருகியதற்கு இஃதொரு முக்கிய காரணமாகும்.

2020ஆம் ஆண்டு கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் தொலைக்காட்சி வழியாகவும் வந்தன. அக்காலத்தில் எமது பாடசாலைக்கு அருகிலுள்ள லயனொன்றில், ஒரு டிஷ்ஷின் கம்பியைப் பிரித்து அடுத்த வீட்டுக்கும் கொடுத்திருந்தனர். நல்லெண்ணத்தோடு செய்த காரியந்தான். ஆனால் ஒரு வீட்டார் அலைவரிசையை மாற்றினால் மறுவீட்டில் படம் மறைந்தது. பிள்ளையின் பாடத்தை வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று மனத்தாங்கல் மூண்டது. உண்மையில் எவர்மீதும் குற்றமில்லை. கம்பியின் இயல்பே அதற்குக் காரணம். நான் கலைப் பட்டதாரி, மின்னியல் கற்றவனல்லன். அந்தச் சச்சரவைத் தீர்க்கப் போய்க் கேட்டும் படித்தும் அறிந்ததையே இங்கு எடுத்துரைக்கிறேன்.

டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவியை எல்.என்.பி. என்பர். செய்மதியிலிருந்து வரும் அலையின் மீடிறன் மிக உயர்ந்தது; அதை வீட்டுக் கம்பி தாங்காது. ஆகவே எல்.என்.பி. அதனை 950 முதல் 2150 மெகாஹேட்ஸ் வரையிலான எல்லைக்குள் தாழ்த்தி அனுப்புகிறது. செய்மதி அலைகள் கிடை, நிலைக்குத்து என இருவகை. ஒவ்வொன்றிலும் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என இரண்டு. ஆக நான்கு தொகுதிகள். ஒரு கம்பியில் ஒரு வேளைக்கு ஒரு தொகுதியே செல்ல இடமுண்டு. எது வேண்டுமென்பதை வீட்டிலுள்ள பெட்டியே மேலே அறிவிக்கிறது: 13 வோல்ற்று அனுப்பினால் நிலைக்குத்து, 18 வோல்ற்று அனுப்பினால் கிடை; 22 கிலோஹேட்ஸ் துடிப்பைச் சேர்த்தால் மேற்பகுதி. ஒரே கம்பியில் ஒரு வீடு 13 என்றும் மறுவீடு 18 என்றும் கேட்டால், எல்.என்.பி. இருவருக்கும் இசைய முடியாது. லயனில் நேர்ந்தது இதுவே.

இக்குறையை நீக்கவே ஒற்றைக் கம்பி முறை எழுந்தது. இதற்கான ஐரோப்பிய நியமமான ஈ.என். 50494, 2007ஆம் ஆண்டு வெளியானது. இம்முறையில் ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பியில் ஒரு சிறு மீடிறன் ஒதுக்கப்படுகிறது. முதல் வீட்டுக்கு 1210, இரண்டாம் வீட்டுக்கு 1420, அடுத்தவற்றுக்கு 1680, 2040 மெகாஹேட்ஸ் எனக் கொள்ளலாம். பெட்டி ஒரு சிறு கட்டளையை மேலே அனுப்புகிறது: "இந்தத் தொகுதியில் உள்ள இந்த அலையை எடுத்து, எனக்குரிய இடத்தில் வை" என்பது அதன் பொருள். மேலேயுள்ள சிறப்பு எல்.என்.பி. அந்த ஓர் அலையை மட்டும் எடுத்து அவ்விடத்தில் வைக்கிறது. ஒருவர் இடத்தில் மற்றவர் தலையிடுவதில்லை. இந்நியமம் ஒரு கம்பியில் எட்டுப் பெட்டிகள் வரை இடந்தருகிறது. அதன்பின் வந்த ஈ.என். 50607 முப்பத்திரண்டு வரை தருகிறது.

பொதுக் கம்பி வழக்கமாக 13 வோல்ற்றில் இருக்கும். பேச விரும்பும் பெட்டி அதை 18க்கு உயர்த்தி, தன் கட்டளையைக் கூறி, உடனே 13க்கு இறங்கிவிட வேண்டும். இரு பெட்டிகள் ஒருங்கே பேசினால் கட்டளை சிதையும். அப்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மீண்டும் கேட்கும்.

ஆகவே இம்முறையை நாடுவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இரு வீடுகளுக்கு ஒரே இடத்தைக் கொடுத்தல் ஆகாது. இம்முறைக்கென அமையாத பழைய பெட்டியை அக்கம்பியில் இணைத்தல் கூடாது. அது 18 வோல்ற்றிலேயே நின்று மற்றெல்லோர் வாயையும் அடைத்துவிடும். கம்பியைப் பிரிக்கும் கருவி எல்லா வாய்களிலும் மின்சாரத்தைக் கடத்துவதாய் இருத்தல் வேண்டும். பல வீடுகள் ஒரே கம்பியால் இணைவதால், இடி மின்னலை எண்ணித் தேர்ந்த தொழிலாளரைக் கொண்டு புவித்தொடுப்புச் செய்வித்தல் நன்று. சந்தா அவரவர்க்கு உரியது. டிஷ் பொதுவானதால் சந்தா பொதுவாகிவிடாது. தங்கள் பெட்டி இம்முறைக்கு ஏற்றதா என்பதையும், பொது டிஷ்ஷுக்கு இடமுண்டா என்பதையும் சேவை வழங்குவோரிடம் முதலிற் கேட்டறிக.

இம்முறையிலும் குறையுண்டு. கடும் மழையில் அலை மங்கினால், அல்லது டிஷ் சாய்ந்தால், எல்லா வீடுகளிலும் ஒருங்கே படம் நின்றுவிடும். அவ்வேளை யார் கூரையேறுவது, செலவை எவ்வாறு பகிர்வது என்பதைக் கம்பி இழுக்குமுன்னரே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அது பேசப்பட்டுவிட்டால், ஐந்து கூரைகளில் ஐந்து துளைகள் இடவேண்டிய அவசியமில்லை. பத்தாந்தர மாணவியும் அடுத்த வீட்டு ஐந்தாந்தரச் சிறுவனும் ஒரே வேளையில் தத்தம் பாடத்தைக் காணலாம்.