“வேணும்” என்பதைப் பிரெஞ்சு மொழியில் சொல்லும் விதம்

குடும்ப மீளிணைவு விசாவில் பிரான்சுக்குப் போகிறீர்களா? அங்கு போய்ச் சேர்ந்த சில மாதங்களுக்குள் குடிவரவு, ஒருங்கிணைவு அலுவலகத்திலிருந்து உங்களுக்கு அழைப்பு வரும். அங்குள்ள நம் ஆட்கள் அதை “ஒஃபீ” என்பார்கள். அன்று பிரெஞ்சு மொழிப் பரீட்சை ஒன்று இருக்கும், நேர்முக உரையாடலும் இருக்கும். அதன் பிறகு ஒருங்கிணைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவீர்கள். அதன்படி நான்கு நாள் குடியுரிமைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மொழி வகுப்பும் கிடைக்கும்.

உரையாடலில் கட்டாயம் வரும் சொல் “ப்ரொஜே”, அதாவது உங்கள் திட்டம். என்ன வேலை செய்ய நினைக்கிறீர்கள், என்ன படிக்க விருப்பம் என்று கேட்பார்கள். எங்கள் தகவல் கூட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிரட்டுக்களத்தில் துரைக்கு முன்னால் நின்று பழகியவர்களுக்குத் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்வது லேசான காரியமில்லை. ஆனால் அங்கே உங்களுக்கு வழி காட்டுவது நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான். அதனால் மூன்று வாக்கியங்களையாவது கையோடு கொண்டுபோங்கள்.

முதலாவது நமக்குப் பழக்கமானதுதான். “வேலை தேடப் போறேன்” என்கிறோம் அல்லவா? பிரெஞ்சிலும் “போ” என்ற வினைதான் இந்த வேலையைச் செய்கிறது: “ஜு வே ஷெர்ஷே து த்ராவாய்.” “ஜு வே” என்றால் “நான் போறேன்”, “ஷெர்ஷே” என்றால் “தேட”, “து த்ராவாய்” என்றால் “வேலை”. சொற்களின் வரிசைதான் மாறும். தீர்மானித்துவிட்ட காரியத்துக்கு இதுவே போதும்.

சிக்கல் “வேணும்” என்பதில் வருகிறது. “எனக்கு வேலை வேணும்” என்று நாம் பணிவாகவும் சொல்வோம், பிடிவாதமாகவும் சொல்வோம். வித்தியாசம் குரலில் இருக்கும். பிரெஞ்சில் அது சொல்லிலேயே இருக்கிறது. “ஜு வெ” என்றால் “வேணும்” என்று அடித்துப் பேசுவது போல, முன்பின் தெரியாத அதிகாரியிடம் அது அதட்டலாகக் கேட்கும். “ஜு வூத்ரே” என்று சொல்லுங்கள்: “ஜு வூத்ரே த்ராவாயே”, வேலை செய்ய விரும்புகிறேன். கடையில் பாண் வாங்கவும், வைத்தியரிடம் நேரம் கேட்கவும் இதே “ஜு வூத்ரே”தான். “வே”, “வெ” இரண்டும் நம் காதுக்கு ஒன்று போலக் கேட்கலாம். “வே”க்கு உதடு விரியும், “வெ”க்கு உதடு குவியும். கண்ணாடி முன் நின்று பழகுங்கள்.

மூன்றாவதில்தான் அதிகம் தடுமாறுவோம். “பிள்ளையை விட இடம் கிடைச்சா வேலைக்குப் போவேன்”, “பிரெஞ்சு பேச வந்தா வேலைக்குப் போவேன்” என்ற இரண்டுக்கும் நமக்கு ஒரே “-ஆ” போதும். பிரெஞ்சுக்காரருக்குப் போதாது. கிடைக்குமா இல்லையா என்று தெரியாவிட்டால் “ஸி”: “ஸி ஜு த்ரூவ் யூன் க்ரெஷ், ஜு த்ராவாய்ரே.” (க்ரெஷ் என்பது நம் பிள்ளைக்காம்பரா மாதிரி, ஆனால் இடம் பிடிப்பது கடினம்.) நிச்சயம் நடக்கும், காலம்தான் பாக்கி என்றால் “கான்”: “கான் ஜு பார்லரே ஃப்ரான்ஸே, ஜு த்ராவாய்ரே.” “ஸி”க்குப் பின்னால் நிகழ்காலம் வரும், “கான்”க்குப் பின்னால் எதிர்காலம். மொழி படிக்க உறுதியாக இருக்கிறீர்கள் என்றால் “கான்” சொல்லுங்கள். “ஸி” என்றால் அதுவே சந்தேகம் என்று அர்த்தமாகிவிடும்.

“பார்ப்போம்” என்பதற்கும் பிரெஞ்சில் சொல் உண்டு, “ஒன் வெரா”. நம் ஊரில் இது மரியாதையான பதில். அங்கே உங்கள் திட்டத்தைக் கேட்கும்போது இதை மட்டும் சொன்னால், திட்டமே இல்லை என்று நினைக்க இடமுண்டு. முதலில் “ஜு வூத்ரே” என்று தொடங்கித் தையலோ, சமையலோ, துப்புரவோ, மனதில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். “ஒன் வெரா” அதற்குப் பிறகு வரட்டும்.