குப்பையில்லாத் திருநாள் – 6: சுட்ட மண்

சென்ற வாரம் முறுக்கு சுட்ட எண்ணெயைப் போத்தலில் ஊற்றி மூடியதோடு நிறுத்தினேன். அது அங்கேயே இருக்கட்டும். இந்த வாரம் கோலம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆசிரியரும் நேற்றிலிருந்து மூன்று முறை புலனத்தில் கேட்டுவிட்டார். ஆனால் நடுவில் ஒரு கறிவேப்பிலைச் செடி வந்து கெடுத்துவிட்டது.

கிள்ளானில் எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்த செடி, வேர் நெருக்கி வாடத் தொடங்கியது. பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்று ஞாயிறு காலையில் மண்ணைக் கவிழ்த்தேன். உள்ளே ஆறு அகல் விளக்குகள்! மூன்று தீபாவளிக்கு முன் நானே புதைத்தவை. இரண்டு மட்டும் உடைந்திருந்தன, அதுவும் புதைக்கும்போதே உடைந்தவைதான். ‘மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகட்டும்’ என்று அன்று மனைவியிடம் வசனம் பேசினேன். இப்போது அவர் ஆறையும் குழாயடியில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போனார். இத்தொடரின் முதல் வாரத்தில் உங்களிடமும் அதே வசனத்தைத்தான் பேசியிருந்தேன். அது தவறு. சுட்ட விளக்கு மண்ணுக்குத் திரும்பாது. திருத்திக்கொள்கிறேன்.

களிமண்ணில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. பிசையும்போது நாம் ஊற்றுவது ஒன்று. அது வெயிலில் காய்ந்துவிடும், மழை பட்டால் மறுபடியும் சேறுதான். மற்றது மண்துகளுக்குள்ளேயே பிணைந்திருப்பது. சூளையில் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியசை எட்டும்போதுதான் அது வெளியேறும். அதற்குப் பிறகு அது களிமண்ணே இல்லை. வருடம் முழுக்க ஊறப்போட்டாலும் குழையாது. ‘சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது’ என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் சம்பந்திச் சண்டைக்கான பழமொழி என்றே நினைத்திருந்தேன். பாட்டி வேதியியல் சொல்லியிருக்கிறார்! கீழடியில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்த பானை ஓடுகளில் கீறிய தமிழ் எழுத்தை இன்றும் படிக்க முடிகிறதென்றால், அதற்கும் இதே சூடுதான் காரணம். என் தொட்டியில் கிடந்த மூன்று வருடம் எந்த மூலைக்கு?

தீபாவளிச் சாமான் வாங்க ஓடுகிறோமே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், அந்தப் பெயரே சுட்ட மண்ணின் பெயர்தான். 1881இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. மரமும் அத்தாப்புமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடுமாகக் கட்டச் சொன்னார் பிரிட்டிஷ் அதிகாரி சுவெட்டன்ஹாம். சீனர்களின் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகளுக்குத் தேர்ந்தெடுத்த களிமண் நிலம்தான் இன்று நாம் பூமாலைக்குப் பேரம் பேசும் இடம்.

சூளை என்றதும் கோலசிலாங்கூர் நினைவுக்கு வருகிறது. அந்தப் பக்கம் இன்னும் சக்கரம் சுற்றும் தமிழ்க் குயவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் பானையும் அகல் விளக்கும் அவர்கள் கையிலிருந்து வருகின்றன. அதே வட்டாரத்து ஆற்றோரத்தில்தான் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. அவற்றின் புழுக்கள் ஈர மண்ணில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கின்றன... வேண்டாம், அதில் இறங்கினால் கோலம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். மண் விளக்கு நல்லதுதான். ஆனால் மக்கிப்போகும் என்பதால் அல்ல, உழைக்கும் என்பதால். ஆண்டுதோறும் புதிதாக வாங்கி, பழையதைக் குப்பையில் போட்டால் விறகும் வீண், குயவர் உழைப்பும் வீண். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்கை வெந்நீரில் ஊறவைத்து, சாம்பலோ பாத்திரச் சவர்க்காரமோ போட்டுத் தேய்த்தால் போதும். புதிது தேவைப்பட்டால் சாயம் பூசாததாக, இங்குள்ள குயவரிடம் வாங்குங்கள். ஏற்றுவதற்கு முந்தின இரவு தண்ணீரில் போட்டுவைத்தால் எண்ணெயை அதிகம் குடிக்காது.

உடைந்த அந்த இரண்டும் இப்போது புதுத் தொட்டியின் அடித்துளையை மூடிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் வடிகிறது, மண் நிற்கிறது. மற்ற நான்கும் இந்தத் தீபாவளிக்கு வாசலில் எரியும்.

விளக்கு வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் வீட்டு அலமாரியில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கோலம் அடுத்த வாரம், கட்டாயம்.